எந்த ஊர்த் தண்ணி?

மீன்தொட்டிக்கு ஃபில்டர் கேட்டு வருகிறவரிடம் நான் முதலில் விசாரிப்பது ஊரை. "எந்த ஊரு? போர்த் தண்ணியா, பைப்புத் தண்ணியா?" பெரம்பலூரில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் எனக்கு இது வாயில் ஊறிப்போன கேள்வி. புதிதாக வருகிறவர்கள்தான் விழிப்பார்கள். "தண்ணி எல்லாம் தண்ணிதானே அண்ணே, நல்ல ஃபில்டரா ஒண்ணு எடுத்துக் காட்டுங்க" என்பார்கள். தொட்டி என்ன அளவு, என்ன மீன், எத்தனை மீன் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் பத்துக் கிலோமீட்டர் தள்ளினால் தண்ணீரின் குணம் மாறிவிடும். குணம் மாறினால் ஒரு ஊரில் நன்றாக ஓடும் ஃபில்டர் பக்கத்து ஊரில் மூன்று மாதத்தில் நின்றுபோகும்.

மேற்கே வேப்பந்தட்டை, பச்சைமலை அடிவாரம் எல்லாம் கடினப் பாறை. ஆழ்துளைக் கிணறு எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு உப்பு ஏறும். கிழக்கே குன்னம் தாண்டி அரியலூர் வரை வேறு கதை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல் கிடந்த தரை அது. காரையிலும் குலக்காநத்தத்திலும் மண்ணில் சிப்பியும் அம்மோனைட்டும் கல்லாகிக் கிடக்கின்றன. சாத்தனூரில் 1940-இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரம் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது. வயது சுமார் 12 கோடி ஆண்டுகள். அரியலூரைச் சுற்றி இத்தனை சிமென்ட் ஆலைகள் வந்ததற்குக் காரணம் அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லின் வழியாக ஊறி வரும் தண்ணீரைத்தான் நம் மக்கள் வாளியில் பிடித்து மீன்தொட்டியில் ஊற்றுகிறார்கள். தெற்கே திருமானூர்ப் பக்கம், கொள்ளிடக் கரையில், மணல் வடிகட்டிய இனிப்பான தண்ணீர். பெரம்பலூர் நகரத்துக்குள் கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் வருகிற நாளில் ஒரு தண்ணீர், வராத நாளில் வீட்டு போரிலிருந்து இன்னொரு தண்ணீர். ஒரே தொட்டியில் இரண்டும் மாறி மாறி விழும்.

உப்புத்தண்ணி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு சுண்ணாம்புதான். தொட்டிக் கண்ணாடியில் நீர்மட்டத்தை ஒட்டி வெள்ளைக் கோடு போடுவது அது. காற்றைக் குமிழியாக்கும் ஏர் ஸ்டோனின் துளைகளை அடைப்பது அது. மோட்டாரின் நடுத்தண்டில் படிந்து சக்கரத்தை இறுக்குவதும் அதுவே. இவை கண்ணுக்குத் தெரிகிற தொல்லைகள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றித்தான் நான் கடையில் அதிக நேரம் பேசுவேன், வாங்க வந்தவர் அவசரத்தில் இருந்தாலும்.

தண்ணீரைக் கண்ணாடி போல வைத்திருப்பதுதான் ஃபில்டரின் வேலை என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அழுக்கைப் பிடிப்பது அதன் வேலைகளில் ஒன்று, அவ்வளவுதான். மீன் தன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியே விடுகிறது. தின்னாமல் கிடந்து அழுகும் தீனியும் அதையே தருகிறது. அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. பளிங்கு போலத் தெரியும் தண்ணீரில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். மறுநாள் காலையில் இரண்டு மிதக்கும். "தண்ணி சுத்தமாத்தானே இருக்கு அண்ணே" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள்.

தண்ணீரில் இருக்கும் அம்மோனியா முழுவதும் நஞ்சு இல்லை. ஒரு பகுதி அம்மோனியமாகக் கட்டுப்பட்டிருக்கும். அது அவ்வளவாக மீனைத் தாக்காது. கட்டுப்படாத அம்மோனியா செவுளுக்குள் நுழைந்து கொல்லும். எந்த அளவு கட்டுப்படாமல் நிற்கும் என்பதைத் தண்ணீரின் பிஎச் அளவும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 30 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7 உள்ள தண்ணீரில் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சாக இருக்காது. அதே வெப்பத்தில் பிஎச் 8 ஆனால் நூற்றில் ஏழரைப் பங்கு நஞ்சு. எட்டரையைத் தொட்டால் சுமார் இருபது பங்கு. சுண்ணாம்புத் தண்ணீர் இயல்பாகவே எட்டை ஒட்டி நிற்பது. சித்திரை, வைகாசியில் நம் வீட்டுத் தொட்டிகளில் தண்ணீர் 32 டிகிரிக்குப் போவது சாதாரணம். அதனால் மென்மையான தண்ணீர் உள்ள ஊரில் ஒருவர் செய்கிற அலட்சியத்தை அரியலூரில் செய்ய முடியாது. அங்கே மீன் தாங்கிக்கொள்ளும், இங்கே செத்துப்போகும்.

இதே தண்ணீர் நமக்கு ஒரு பெரிய உதவியும் செய்கிறது. அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற நுண்ணுயிர்கள்தான் ஃபில்டரின் உயிர். நைட்ரைட்டும் நஞ்சுதான், நைட்ரேட் அந்த அளவுக்கு ஆபத்தில்லாதது. பழைய மீன்வளர்ப்புப் புத்தகங்கள் இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்று எழுதின. நன்னீர்த் தொட்டிகளில் அதைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்பதை டிமோதி ஹோவனெக்கும் உடன் ஆய்ந்தவர்களும் 1998-இல் காட்டினார்கள். 2015-இல் இரண்டு வேலைகளையும் தனியாகவே செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைராவும் கண்டுபிடிக்கப்பட்டது. பெயர் எதுவானாலும் அவற்றுக்கு வேண்டியவை ஒட்டிக்கொள்ள இடம், ஓடும் தண்ணீர், ஆக்சிஜன், காரத்தன்மை. 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றி முடிக்க ஏறக்குறைய நாலரை கிராம் ஆக்சிஜனும், 7 கிராம் சுண்ணாம்புக்குச் சமமான காரத்தன்மையும் செலவாகின்றன. மென்மையான தண்ணீர் உள்ள ஊர்களில் இந்தக் காரத்தன்மை தீர்ந்து, பிஎச் சரிந்து, ஃபில்டர் படுத்துவிடுகிற சங்கடம் உண்டு. நமக்கு அந்தக் கவலையே இல்லை. அம்மோனியாவுக்குக் கூர் தீட்டிக் கொடுக்கிற அதே சுண்ணாம்பு, அதைத் தின்னும் உயிர்களுக்கும் தீனி போடுகிறது. ஆக, நம் ஊரில் ஆக்சிஜனுக்கு மட்டும் வழி செய்துவிட்டால் ஃபில்டர் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

அங்கேதான் வெயிலும் கரண்டும் குறுக்கே வருகின்றன. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 32 டிகிரியில் ஏழைச் சற்றுத் தாண்டினாலே அதிகம். மீனுக்கும் நுண்ணுயிருக்கும் கோடையில் பசி கூடும்போது பங்கு குறைகிறது. கரண்ட் பற்றி நம் மாவட்டத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. 2012-இல் சென்னைக்கு வெளியே இருந்த எல்லோருக்கும் அந்த வருஷம் நினைவிருக்கும். ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். நாளில் பாதிக்கு மேல் இருட்டாகக் கழிந்த நாட்கள் உண்டு. மீன்கடைக்காரர்கள் ஃபில்டர் பற்றி உண்மையில் கற்றுக்கொண்டது அந்த வருஷத்தில்தான். பெட்டியில் அச்சடித்திருந்த லிட்டர் கணக்கு ஒன்றும் எடுபடவில்லை. நின்றாலும் எது கெடாது, கரண்ட் வந்ததும் எது தானாக ஓடும், கையில் இருக்கும் பேட்டரியில் எதை ஓட்டலாம் என்ற மூன்றே கேள்விகள்தான் மிஞ்சின. இப்போது நிலைமை எவ்வளவோ தேவலை. ஆனாலும் துணைமின் நிலையப் பராமரிப்பு என்று காலையில் போனால் மாலையில்தான் வரும் நாள் இன்னமும் இருக்கிறது. காற்றும் மழையும் அடித்தால் இரவு முழுக்க இல்லை.

இந்தத் தண்ணீர், இந்த வெயில், இந்தக் கரண்ட் மூன்றையும் கூட்டிப் பார்த்துத்தான் சிறிய தொட்டி வைக்கிற எவருக்கும் நான் முதலில் எடுத்துக் கொடுப்பது ஸ்பாஞ்ச் ஃபில்டர். கடையில் உள்ளதிலேயே விலை குறைந்தது அது. விலை உயர்ந்ததை விற்றால் எனக்கு லாபம் கூடும் என்பது வாங்குகிறவருக்கும் தெரியும். அதனால் இதை எடுத்து வைத்தால் பலருக்கு நம்பிக்கை வருவதில்லை. "இது பொம்மை மாதிரி இருக்கே" என்பார்கள். கொளத்தூரில் மீன் வளர்க்கிறவர்களின் தொட்டி வரிசைகளைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சென்னைக் கொளத்தூரிலிருந்துதான் எங்களுக்கு மீன் வருகிறது; ஆக்சிஜன் அடைத்த பைகளில் கட்டி, இரவுப் பேருந்தில் ஏற்றி, விடியற்காலையில் நெடுஞ்சாலையில் இறக்குவார்கள். அங்கே பண்ணைகளில் ஒரே ப்ளோயரிலிருந்து குழாய்கள் பிரிந்து தொட்டி தொட்டியாகப் போகும்; ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பாஞ்ச். மீனை வைத்தே பிழைக்கிறவர்கள் நம்புகிற கருவி அது.

அதன் இயக்கம் எளிமையானது. காற்று மோட்டார் குழாய் வழியாகக் காற்றை ஸ்பாஞ்சின் நடுத்தண்டுக்கு அனுப்புகிறது. குமிழிகள் தண்டுக்குள் மேலே ஏறும்போது தண்ணீரையும் சேர்த்துத் தூக்குகின்றன. அந்த இடத்தை நிரப்பத் தொட்டித் தண்ணீர் ஸ்பாஞ்சின் துளைகள் வழியாக உள்ளே இழுபடுகிறது. துளைச் சுவர்களில் நுண்ணுயிர் குடியிருக்கிறது. மேலே வந்து உடைகிற குமிழி தண்ணீரின் மேற்பரப்பைக் கலக்கிக்கொண்டே இருப்பதால் ஆக்சிஜனும் சேர்கிறது. தண்ணீருக்குள் சுழலும் சக்கரம் எதுவும் கிடையாது, ஆகவே சுண்ணாம்பு இறுக்குவதற்கும் எதுவும் கிடையாது. குஞ்சு மீனை உறிஞ்சிக் கொல்லாது. கரண்ட் போனாலும் ஸ்பாஞ்ச் திறந்த தண்ணீரில்தான் நிற்கிறது. அதில் உள்ள உயிர்கள் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும்.

வாங்கும்போது ஸ்பாஞ்சைக் கையில் வைத்து நசுக்கி விட்டுப் பாருங்கள். சட்டென்று பழைய வடிவத்துக்கு வர வேண்டும். மெத்தைப் பஞ்சு போல மெல்ல எழுந்தால் வேண்டாம். துளை மிகவும் பொடியாக இருந்தால் வாரத்துக்கொரு முறை அடைக்கும். கொஞ்சம் சொரசொரப்பானது, கண்ணுக்குத் துளை தெரிவது நல்லது. அடியில் கனம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மிதந்து மேலே வரும். சுவரில் ஒட்டும் ரப்பர் கப்பை நம்ப வேண்டாம். நம் தண்ணீரில் சுண்ணாம்பு படிந்து சீக்கிரமே பிடி விட்டுவிடும். தண்டு உயரமாக, அதன் வாய் நீர்மட்டத்தை ஒட்டி இருந்தால் தண்ணீரை நன்றாகத் தூக்கும். இரண்டு அடிக்கு ஒரு அடி தொட்டி, ஒரு அடி உயரம் என்றால் கணக்குக்கு 56 லிட்டர். மேலே விடும் இடைவெளியும் கல்லும் போக 45 லிட்டர்தான் தேறும். அதற்கு ஒரு பெரிய ஸ்பாஞ்ச் போதும். ஆனாலும் நான் சிறியதாக இரண்டு வைக்கச் சொல்வேன். ஒன்றை இந்த வாரம் அலசினால் மற்றதை இரண்டு வாரம் கழித்து அலசலாம். ஒரே நாளில் எல்லா உயிரையும் உலுக்க வேண்டியதில்லை.

அலசுவது என்றால் தொட்டியிலிருந்தே ஒரு வாளி தண்ணீர் எடுத்து, அதற்குள் நாலைந்து முறை பிழிந்து விடுவது. குழாயடியில் பிடித்துத் தேய்ப்பது, சோப்புப் போடுவது, வெயிலில் காய வைப்பது எல்லாம் ஃபில்டரைக் கொல்வதற்குச் சமம். ஊராட்சி மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்ட நாளில் குழாய்த் தண்ணீரின் வாடையே சொல்லும். அந்தக் குளோரின் மீனின் செவுளையும் ஸ்பாஞ்சில் உள்ள உயிரையும் சேர்த்தே தாக்கும். பிடித்து வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வைத்துவிட்டு ஊற்றுங்கள். வீட்டுப் பெண்கள் சிலர் ஸ்பாஞ்ச் பழுப்பாக இருப்பதைப் பார்த்துச் சங்கடப்படுவார்கள். "அந்தப் பழுப்புதான் அக்கா வேலை செய்யுது, வெள்ளையா இருந்தா அதுல ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தம்" என்று சொல்லி அனுப்புவேன்.

ஸ்பாஞ்சைவிட மோட்டாரைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். இரண்டு வாய் உள்ளதாக வாங்கினால் இரண்டு ஸ்பாஞ்சுக்கும் ஆகும். உள்ளே அடித்துக்கொண்டிருக்கும் ரப்பர் சவ்வு நம் வெயிலில் காய்ந்து விரிசல் விடும். அந்த ரப்பர் தனியாகக் கிடைக்கிற மாடல்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள், மோட்டாரையே தூக்கிப் போட வேண்டியிருக்காது. மோட்டாரை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே அலமாரியில் வைத்தால், கரண்ட் போனதும் காற்றுக் குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீர் பின்வாங்கி மோட்டாருக்குள் இறங்கும். கரண்ட் வரும்போது மோட்டார் போகும், சில சமயம் ஷாக்கும் அடிக்கும். மேலே வைக்க வழியில்லை என்றால் குழாயின் நடுவே ஒரு ஒருவழி வால்வு மாட்டுங்கள். சில ரூபாய்ச் சாமான் அது. அதை மாட்டாமல் மோட்டார் விற்பதை நான் விட்டுவிட்டேன். வேண்டாம் என்றாலும் சேர்த்தே கட்டிக் கொடுக்கிறேன்.

சத்தம் பெரிதாக இருக்கிறதே என்பவர்களுக்குத் தண்டுக்குள் ஒரு சிறு ஏர் ஸ்டோன் போட்டால் குமிழி பொடியாகி ஓசை அடங்கும், தண்ணீரும் சற்றுக் கூடுதலாக ஏறும். சுண்ணாம்பு அடைத்த ஸ்டோனை எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ இரவு ஊறப்போட்டு அலசினால் மறுபடி திறந்துகொள்ளும். கரண்ட் பில் பற்றிக் கேட்பவர்களுக்கு என் கணக்கு இது: 5 வாட் மோட்டார் இரவும் பகலும் ஓடினால் மாதத்துக்கு 3.6 யூனிட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வீட்டுக்கு இலவசம் என்று 2016-இல் வந்த பிறகு இந்தச் செலவு பல வீடுகளில் தெரியவே தெரியாது. காசு மிச்சம் என்று இரவில் அணைப்பவர்களிடம்தான் கெஞ்ச வேண்டியிருக்கிறது. செடி உள்ள தொட்டியில் இரவில்தான் ஆக்சிஜன் குறையும். அணைக்கவே கூடாத நேரம் அது. கரண்ட் போனால் தானாக பேட்டரிக்கு மாறும் மோட்டார் இப்போது கிடைக்கிறது. இன்வெர்ட்டர் இருந்தால் அந்த லைனில் மாட்டுங்கள். பவர் பேங்கில் ஓடும் சிறு மோட்டார் ஒன்றை மேசை இழுப்பறையில் போட்டு வைத்தாலும் ஆபத்துக்கு உதவும்.

ஸ்பாஞ்சுக்கு அடுத்து என் கடையில் விலைபோவது தொட்டி விளிம்பில் மாட்டும் ஹேங் ஆன் ஃபில்டர். தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் உள்ள பெட்டியில் வடித்து அருவி போலத் திரும்பக் கொட்டும். பார்க்கவும் அழகு, மிதக்கும் தூசியை ஸ்பாஞ்சைவிடச் சுத்தமாகப் பிடிக்கும். கொள்ளிடத் தண்ணீர் வருகிற வீட்டில், வாரம் தவறாமல் பார்த்துக்கொள்கிற கை இருந்தால், தாராளமாக வாங்கலாம். சிறு தொட்டிக்கு மணிக்கு 200 முதல் 300 லிட்டர் போதும். பெட்டியில் போட்டிருக்கும் எண் உள்ளே பஞ்சு, கல் எதுவும் வைக்காமல் ஓட்டிப் பார்த்தது என்பதை மனதில் வையுங்கள். போர்த் தண்ணீர் வீடுகளில் இதற்கு இரண்டு சங்கடங்கள். சக்கரத்தின் தண்டில் சுண்ணாம்பு ஏறி, ஒரு தடவை நின்றால் மறுபடி சுற்றாது. மாதம் ஒருமுறை கழற்றி எலுமிச்சையில் ஊறவைக்க வேண்டும். இன்னொன்று கோடையில் நீர்மட்டம் இறங்கியதும் உறிஞ்சுகுழாய் காற்றைப் பிடித்துக்கொள்ளும். கரண்ட் போய் வந்த பிறகு சில மாடல்கள் தண்ணீர் இல்லாமல் உலர்ந்தே ஓடிக் கருகும். ஆள் இல்லாத பகலில் அப்படி நடந்தால் சொல்லி முடியாது. கூடவே வரும் கார்பன் பொட்டலத்தை மாதாமாதம் தூக்கிப் போட்டுப் புதிது மாட்டச் சொல்லி அட்டையில் எழுதியிருக்கும். அதோடு நுண்ணுயிரும் குப்பைக்குப் போகிறது. அந்தப் பெட்டியின் அளவுக்கு ஸ்பாஞ்சை வெட்டி வைத்து, அதை அலசி அலசிப் பயன்படுத்துங்கள். உறிஞ்சும் வாயிலும் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் செருகினால் கப்பிக் குஞ்சு தப்பிக்கும்.

தண்ணீருக்குள்ளேயே மூழ்கி ஓடும் பவர் ஃபில்டரைச் சிறு தொட்டிக்கு நான் தருவதில்லை. ஓட்டம் பலமானது, ஃபைட்டர் மீனை ஒரு மூலையில் ஒதுங்கி நிற்க வைத்துவிடும். கரண்ட் வயர் நேரே தண்ணீருக்குள் போகிறது என்பதால் குழந்தைகள் கைவிடும் வீட்டில் எனக்கு மனம் ஒப்பாது. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், தொட்டிக்குள் கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்குவதை வீட்டில் எல்லோருக்கும் பழக்குங்கள். கல்லுக்கு அடியில் தட்டு விரிக்கும் பழைய அண்டர்கிராவல் முறை ஒரு காலத்தில் எல்லாக் கடைகளிலும் இருந்தது. சுண்ணாம்பும் கழிவும் சேர்ந்து அடைத்தால் தொட்டியையே கலைக்க வேண்டும். கோல்டு ஃபிஷ் வைத்தே தீருவேன் என்பவர்களுக்குத் தொட்டி மேலே உட்காரும் டாப் ஃபில்டர் பரவாயில்லை. தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும்போது காற்று நன்றாகச் சேரும். ஆனால் கோல்டு ஃபிஷ் சிறு தொட்டிக்கான மீனே இல்லை. கண்ணாடிக் கிண்ணத்தில் அதை விற்பதில்லை என்று வைத்திருக்கிறேன். பிறந்தநாள் பரிசுக்குக் கேட்டு வருகிற பிள்ளைகள் முகம் சுருங்கிப் போவதைப் பார்க்க எனக்கும் வருத்தம்தான், ஆனாலும் ஒரு வாரத்தில் சாகப்போகிற மீனைப் பிள்ளையின் கையில் கொடுக்க முடியாது.

வெளியே கீழே நிற்கும் கேனிஸ்டர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூன்று, நான்கு அடித் தொட்டிக்கு அது அருமையான கருவி. அரியலூரில் ஆலைக் குடியிருப்பு ஒன்றில் ஒருவர் இரண்டு அடித் தொட்டிக்கு ஆசையாக ஒன்றை வெளியூரிலிருந்து வாங்கி மாட்டியிருந்தார். பராமரிப்புக்காக காலையில் போன கரண்ட் மாலையில் வந்தது. மூடிய டப்பாவுக்குள் இருந்த நுண்ணுயிர்கள் அதற்குள் ஆக்சிஜனைத் தின்று தீர்த்து, மூச்சு முட்டி அழுகத் தொடங்கியிருந்தன. கரண்ட் வந்ததும் அந்த அழுகல் தண்ணீர் முழுவதும் ஒரே தள்ளலில் தொட்டிக்குள் போனது. வெயிலில் நாள் முழுக்கத் தவித்த மீன்கள் அதைத் தாங்கவில்லை. என்னை அழைத்தார், நான் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கருவியில் குறை எதுவும் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்ற கேனிஸ்டரைத் திறந்து, உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டி, அலசி, பிறகுதான் ஓட்ட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

எந்த ஃபில்டரை வாங்கினாலும் முதல் நாளில் அது வெறும் பஞ்சுதான். நுண்ணுயிர் குடியேறி எண்ணிக்கை பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். "இன்னைக்கே தொட்டி, இன்னைக்கே இருபது மீன்" என்று கேட்பவர்களின் தொட்டியில் இரண்டாவது வாரம்தான் அம்மோனியா உச்சத்துக்குப் போகும். அதற்காக என் கடையின் ஆரோக்கியமான தொட்டிகளில் எப்போதும் கூடுதலாகச் சில ஸ்பாஞ்சுகளை ஓடவிட்டு வைத்திருப்பேன். ஸ்பாஞ்ச் வாங்குகிறவருக்குப் புதியதோடு ஓடின ஸ்பாஞ்ச் ஒன்றைத் தொட்டித் தண்ணீரோடு பையில் கட்டிக் கொடுத்து, "வீட்டுக்குப் போன உடனே போட்டுடுங்க, காய விட்டுடாதீங்க" என்று சொல்வேன். பாட்டிலில் விற்கும் எந்தப் பாக்டீரியா மருந்தைவிடவும் இதை நம்புகிறேன். நோய் வந்த தொட்டியின் ஸ்பாஞ்சை மட்டும் யாருக்கும் தரக் கூடாது; அது உயிரோடு நோயையும் சேர்த்தே கொண்டு போகும். முதல் மாதம் நாலைந்து மீன் போதும். அம்மோனியா டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி வைத்தால் சந்தேகமே வேண்டாம்.

மீனையும் தண்ணீரைப் பார்த்தே தேர்ந்தெடுக்கலாம். கப்பி, மோலி, பிளாட்டி மூன்றும் சுண்ணாம்புத் தண்ணீரில் கொழுத்து வளரும். அரியலூர்க்காரர்களுக்கு அதைவிடப் பொருத்தமானவை இல்லை. நியான் டெட்ரா, டிஸ்கஸ் எல்லாம் மென்மையான தண்ணீருக்குப் பிறந்தவை. அவற்றை வாங்கிக்கொண்டு தண்ணீரை மாற்ற மருந்து மருந்தாக ஊற்றுவதைவிட மீனை மாற்றுவது சுலபம். செடி வைக்க நினைத்தால் நம் ஏரி குளங்களில் கிடக்கும் ஹைட்ரில்லாவே போதும். அம்மோனியாவை நேரடியாகவே உறிஞ்சிக்கொள்ளும். பருத்தி, சோளக் காட்டு ஓரத்து வாய்க்காலில் மட்டும் எடுக்காதீர்கள், பூச்சிமருந்து வந்துவிடும். எடுத்ததை நாலு நாள் தனி வாளியில் போட்டு, அட்டையும் தட்டான் புழுவும் இல்லையென்று பார்த்த பிறகு தொட்டியில் நடுங்கள். காரைப் பக்கம் சுற்றுலா போய்க் கல்லான சிப்பிகளைப் பொறுக்கிவந்து தொட்டியில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஏற்கெனவே சுண்ணாம்பு மிகுந்த தண்ணீருக்கு இன்னும் சுண்ணாம்பு எதற்கு? அந்தச் சிப்பிகள் இந்த மண்ணின் சரித்திரம். கிடக்கும் இடத்தில் கிடந்தால்தான் படிக்க வருகிறவர்களுக்குப் பயன். வேறு எந்தக் கல்லையும் போடும் முன் அதன் மேல் நாலு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள்; நுரைத்தால் சுண்ணாம்பு, வெளியே வைத்துவிடுங்கள்.

ஃபில்டர் நைட்ரேட்டோடு நின்றுவிடும். அதை வெளியேற்றத் தண்ணீர் மாற்றுவதைத் தவிர வழியில்லை. வாரம் கால் பங்கு. கோடையில் பலர் ஆவியாகிக் குறைந்த அளவுக்கு மட்டும் போர்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போவார்கள். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். சுண்ணாம்பு தொட்டியிலேயே தங்கும். ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் இன்னும் கொஞ்சம் சேரும். ஆகவே ஊற்றுவதற்கு முன் ஒரு வாளி வெளியே எடுங்கள்.

இன்னொன்றும் பில் போடும்போது தவறாமல் சொல்கிறேன். குலதெய்வம் கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ நாலு நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது நம் வீடுகளில் மெயினை அணைத்துவிட்டுப் போவது வழக்கம். நாலு நாள் தீனி இல்லாமல் வளர்ந்த மீனுக்கு ஒன்றும் ஆகாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் தீனி டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் ஆபத்து, அள்ளிக் கொட்டிவிடும். ஃபில்டர் நாலு நாள் நிற்கக் கூடாது. தொட்டி எந்த லைனில் இருக்கிறது என்று எலெக்ட்ரீஷியனிடம் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டு, அதைத் தவிர மற்ற சுவிட்சுகளை அணைத்துவிட்டுக் கிளம்புங்கள். அந்தச் சுவிட்சின் மேல் ஒட்டுவதற்கு மீன் படம் போட்ட சிறு ஸ்டிக்கர் அச்சடித்து வைத்திருக்கிறேன். ஃபில்டரோடு பையில் போட்டுத் தருகிறேன்.